புரியலைன்னா கேட்கக் கூடாதா?

(மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவி)



மலரின் இந்தப் பக்கத்தில் வழக்கமாக வேலையில்லாத் திண்டாட்டம், வரதட்சணை, சுற்றுச்சூழல் என்று யாராவது எழுதுவார்கள். நான் ஒரு கேசட்டைப் பற்றி எழுதப் போகிறேன். மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன், "கேசட்டா? இந்தக் காலத்துலயா?" என்று சிரித்தார். சிரித்தாலும் பக்கம் ஒதுக்கிவிட்டார். அவருக்கு நன்றி.

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் பழைய மல்டிமீட்டர் ஏதாவது பாதி விலைக்குக் கிடைக்குமா என்று தேடிப் போனேன். மீட்டர் கிடைக்கவில்லை. நடைபாதையில் ஒருவர் அட்டைப்பெட்டி நிறைய கேசட் வைத்திருந்தார். முருகன் பாட்டு, மாதா பாட்டு, இளையராஜா எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்று மட்டும் புதிதாகத் தெரிந்தது. 'கண்டிசா' என்று பெயர். கீழே 'இந்தியன் ஓஷன்'. ஓஷன் என்றால் கடல், அது மட்டும் எனக்குத் தெரியும். நாம் கடலூர்க்காரர்கள் இல்லாவிட்டாலும் கடல் ஊர்க்காரர்கள்தானே!

"பாடுமாண்ணே?"

"பத்து ரூபா குடு. பாடலைன்னா அடுத்த வாரம் கொண்டா, வேற தர்றேன்."

எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சீராக வந்த ஒரு டூ-இன்-ஒன் பரண்மேல் கிடந்தது. இறக்கித் துடைத்து, ஹெட்டை ஸ்பிரிட் பஞ்சால் சுத்தம் செய்து போட்டேன். பாடியது. மெதுவாக, கனமாக, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ வேண்டிக்கொள்வதுபோல ஒரு குரல். என்ன மொழி என்றே பிடிபடவில்லை. ஆனால் கையில் இருந்த பஞ்சைக் கீழே போடாமல் அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனேன். அங்கே என் வகுப்புத் தோழிகள் மூன்று பேர்: ஒருத்தி காரைக்கால், ஒருத்தி மாஹே, ஒருத்தி யானம். புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் நாலு மூலையும் ஒரே பெஞ்சில் என்று எங்களைக் கேலி செய்வார்கள். விசிட்டர்ஸ் ரூமில் வைத்துப் போட்டேன். மூன்று பேரும் பேசவே இல்லை. முடிந்ததும் யானம்காரி, "மறுபடி போடு" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் நாலு பேரும் அந்தக் குழுவின் ரசிகைகள். மன்றம் கிடையாது, கட்-அவுட் கிடையாது, பாலாபிஷேகம் கிடையாது.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்து, டேப் ஓடும் வேகம் சரியில்லையோ என்று சந்தேகம் வந்து திறந்து பார்த்தேன். ரப்பர் பெல்ட் தொய்ந்து போயிருந்தது. கேசட் டேப் விநாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பெல்ட் தொய்ந்தால் வேகம் குறையும், சுருதியும் இறங்கும். புது பெல்ட் போட்டதும் அதே பாட்டு விறுவிறுவென்று, கொஞ்சம் மெல்லிய குரலில் வந்தது! இரண்டு வாரமாக நாங்கள் உருகிக் கேட்டது அந்தக் குழு பாடவே பாடாத பாட்டு. மாஹேக்காரிக்கு இன்றுவரை பழைய வேகம்தான் பிடிக்கும்.

இனி அவர்கள் யார் என்று சொல்கிறேன். இந்தியன் ஓஷன் 1990இல் தில்லியில் தொடங்கிய குழு. கிட்டார் சுஸ்மித் சென். தபலா வாசித்துக்கொண்டே பாடுபவர் அஷீம் சக்ரவர்த்தி. மறு வருஷம் பேஸ் கிட்டாருக்கு ராகுல் ராம் வந்தார், 1994இல் டிரம்ஸுக்கு அமித் கிலாம். முதல் கேசட் 1993இல் வந்தது. இரண்டாவது 'டெசர்ட் ரெயின்', 1997 சனவரி 1 அன்று தில்லியில் சஃப்தர் ஹாஷ்மி நினைவு நிகழ்ச்சியில் மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. ஹாஷ்மி தெரு நாடகக் கலைஞர். 1989 புத்தாண்டு நாளில் தொழிலாளர் பகுதியில் நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு, மறுநாள் இறந்தவர். எங்கள் கைக்கு வந்த 'கண்டிசா' 2000இல் வந்தது. சினிமாவில் 'பிளாக் ஃப்ரைடே' படத்துக்கு இசையமைத்தார்கள். 1993 பம்பாய் குண்டுவெடிப்புகளைப் பற்றிய படம்; தடைகளைத் தாண்டி 2007இல்தான் திரைக்கு வந்தது.

ராகுல் ராம் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வாங்கிவிட்டு பேஸ் கிட்டார் வாசிக்க வந்துவிட்டார். இதை வீட்டில் சொன்னேன். கொத்தனார் வேலை முடித்துக் கை கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, "நீ முதல்ல டிப்ளமாவ வாங்கு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. படித்துவிட்டுப் படிப்பை உதறுவதற்கும் ஒரு வசதி வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு அந்த வசதி இல்லை. இந்தக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லி வைக்கிறேன்.

சரி, பாட்டுக்கு வருவோம்.

'மா ரேவா' என்று ஒரு பாட்டு. எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. 'மா' என்றால் அம்மா என்று சினிமா பார்த்து ஊகித்தோம். ரேவா யார்? அது நர்மதை ஆற்றின் இன்னொரு பெயர் என்று யானம்காரி அண்ணனிடம் போனில் கேட்டுச் சொன்னாள். ராகுல் ராம் நர்மதைப் பாதுகாப்பு இயக்கத்தில் வேலை செய்தவர். அந்தப் பள்ளத்தாக்கு மக்களின் பாட்டைத்தான் குழுவுக்குக் கொண்டு வந்திருக்கிறார். அந்த ஆற்றில் சர்தார் சரோவர் அணை இன்று 138.68 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. 2017 செப்டம்பரில் திறந்தார்கள். அம்மா என்று பாடியவர்களின் ஊர்கள் பல அந்தத் தண்ணீருக்குள் போய்விட்டன.

இவ்வளவு தெரிந்த பிறகு ஒருநாள் மறுபடி போட்டோம். காரைக்கால்காரி திடீரென்று பேச ஆரம்பித்தாள். அவள் வீடு அரசலாற்றுப் பக்கம். காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் தங்கள் ஊருக்கு வந்து சேருமா சேராதா என்று தாத்தா ஆற்றங்கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். வந்தால் பூப்போட்டுக் கும்பிடுவாராம். யானம்காரிக்குக் கௌதமி கோதாவரி. அவர்களுக்கு அது தல்லி, அதாவது அம்மா. வெள்ளம் வந்தால் அதே அம்மா வீட்டுக்குள் வந்துவிடுவாளாம். மாஹேக்காரிக்கு மய்யழி ஆறு. எனக்கு? எனக்கு யோசிக்க வேண்டியிருந்தது. நம் சங்கராபரணியை நான் பஸ்ஸில் போகும்போது பாலத்துக்குக் கீழே பார்த்ததோடு சரி. என் ஊர் ஆற்றின் பெயரை நான் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இப்படித்தான் ஒவ்வொரு பாட்டையும் பங்கு போட்டோம். ஒருத்திக்குத் தெரிந்த ஒரு வார்த்தை, இன்னொருத்தி போனில் தேடிய ஒரு தகவல், மூன்றாமவள் ஊரிலிருந்து ஒரு ஞாபகம். பொங்கல் வைக்கும்போது ஆளுக்கொரு பிடி அரிசி போடுவதுபோல.

'கண்டிசா' என்ற தலைப்புப் பாட்டுதான் பெரிய மர்மமாக இருந்தது. அது இந்தியும் இல்லை. மாஹேக்காரி இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு, "இது பள்ளியில் பாடுறதுடி" என்றாள். பள்ளி என்றால் அவர்கள் பக்கம் தேவாலயம். அவள் கிறிஸ்துவப் பெண் இல்லை. கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து குடியிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி முணுமுணுத்துக் கேட்டிருக்கிறாள். விசாரித்ததில் உண்மைதான். அது சுரியானி மொழி. ஏசுநாதர் பேசிய அரமேயத்தின் கிளை. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டுப் பாட்டு. கண்டிசா என்றால் பரிசுத்தமானவர் என்று பொருள். சீரோ மலபார் சபையில் 1962இல்தான் வழிபாட்டை மலையாளத்துக்கு மாற்றினார்கள். அப்படியென்றால் அதற்கு முன்னால் எத்தனையோ தலைமுறை விவசாயிகள், மீனவர்கள், பாட்டிமார்கள் முழுதாகப் புரியாத ஒரு மொழியில் உருகிப் பாடியிருக்கிறார்கள்! யாரும் அவர்களை மக்கு என்று சொல்லவில்லை.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

'புரியல' என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை. ஒவ்வொரு ஜூன் 21ஆம் தேதியும் நம் ஊரில் 'ஃபெத் த லா முசீக்' என்ற இசைத் திருநாள் நடக்கும். பிரான்சில் 1982இல் தொடங்கியது, இங்கேயும் கொண்டாடுகிறார்கள். திறந்த வெளியில் வாசிப்பார்கள், டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் நிற்கலாம். அம்மா வீட்டு வேலைக்குப் போவது கால்வாய்க்கு அந்தப் பக்கம். சின்னப் பிள்ளையில் ஒருமுறை அவரோடு திரும்பி வரும்போது ஒரு குழு கிட்டாரோடு பாடிக்கொண்டிருந்தது. நான் நின்றுவிட்டேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தார். "வா பாப்பா, நமக்கு என்ன புரியப் போவுது." கோபமாகச் சொல்லவில்லை. மழை வரப் போகுது என்று சொல்வதுபோலச் சொன்னார். நானும் வந்துவிட்டேன்.

அதே பழக்கத்தோடுதான் பாலிடெக்னிக்குக்கும் வந்தேன். எங்கள் பள்ளி பெயருக்கு இங்கிலீஷ் மீடியம். பாடம் நடந்ததெல்லாம் தமிழில். கேள்வி பதில் மட்டும் இங்கிலீஷில் மனப்பாடம். இங்கே வந்தால் போர்டு நிறைய இங்கிலீஷ். "அண்டர்ஸ்டுட்?" என்று கேட்பார்கள். "எஸ் சார்" என்போம். அறுபது பேரும் சேர்ந்து சொல்லும் பொய்க்கு எவ்வளவு சத்தம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் செமஸ்டரில் எனக்கு இரண்டு அரியர். நின்றுவிடலாம், ஏதாவது கடையில் பில் போடப் போகலாம் என்று நினைத்தேன். அம்மாவிடம் சொல்லப் பயந்துதான் நிற்கவில்லை. அதன் பிறகும் 'புரியல' என்று யாரிடமும் சொன்னதில்லை. தோழிகளிடம்கூட. எல்லோருக்கும் புரிகிறது, எனக்கு மட்டும்தான் மண்டையில் ஏறவில்லை என்று நினைத்திருந்தேன். அவர்களும் ஆளாளுக்கு அதையே நினைத்திருக்கிறார்கள்!

விசிட்டர்ஸ் ரூமில் அந்த டேப் ரிக்கார்டருக்கு முன்னால்தான் நாங்கள் நாலு பேரும் முதன்முதலில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து, "எனக்கு ஒண்ணும் புரியலடி", "எனக்கும்தான்" என்று சிரித்தோம். மார்க் போகவில்லை. உலகம் இடிந்து விழவில்லை. "ரீவைண்ட் பண்ணு" என்றோம். பண்ணினோம்.

போன செமஸ்டரில் ஒருநாள் அதே நாலு பேரும் தெவனின் தியரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அதில்தான் எனக்கு ஒரு அரியர். (தெவனின் ஒரு பிரெஞ்சுக்காரர், 1883இல் எழுதினார். நம் ஊரோடு அவருக்கு வேறு சம்பந்தமில்லை.) ஒருத்திக்கு லோடு ரெசிஸ்டரைக் கழற்றி வைப்பதுவரை தெரிந்தது. ஒருத்திக்கு வோல்டேஜ் கண்டுபிடிக்கத் தெரிந்தது. பேட்டரியை ஷார்ட் செய்து பார்ப்பது ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ "ரீவைண்ட்" என்றார்கள். முதலிலிருந்து போனோம். மறுநாள் வகுப்பில் மாஹேக்காரி எழுந்து நின்று, "சார், இந்த இடம் புரியல" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. சார் ஒரு நிமிஷம் சும்மா நின்றார். பிறகு தமிழில் சொல்லிக்கொடுத்தார். பின் பெஞ்சிலிருந்து இன்னொரு கை. அப்புறம் இன்னொன்று. அந்த அரியரை எழுதிவிட்டேன். இன்னொன்று பாக்கி.

பாட்டு கேட்டால் பாஸ் ஆகிவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி இருந்தால் நம் பையன்களில் பாதிப் பேர் ராங்க் வாங்கியிருப்பார்கள்.

"தமிழ்நாட்டுப் பக்கம் பொறந்துட்டு இந்திப் பாட்டா?" என்று சங்கத்து அண்ணன் ஒருவர் கேட்டார். பாதி விளையாட்டு, பாதி நிஜம். கட்டாயப் பாடமாக வந்தால் நானும் உங்களோடு கொடி பிடித்து நிற்பேன் அண்ணே. இது தானாகக் காதில் விழுந்து பிடித்துப்போனது. இதில் எனக்குப் பரீட்சை வைக்க யாரும் இல்லை. இன்னொரு தோழி, "தமிழ்லயே குழு இருக்கே" என்றாள். இருக்கிறது. 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கிட்டாரோடு கானாவையும் சட்டியையும் பறையையும் சேர்த்தது. அதையும் நாங்கள் கேட்கிறோம். அங்கே ஒவ்வொரு வார்த்தையும் நேராக நெஞ்சில் குத்துகிறது. அது வேறு சுகம், வேறு வலி. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றை விட்டுவிட வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"எல்லாம் போன்லயே இருக்கே, எதுக்கு இந்தப் பெட்டி?" என்றும் கேட்கிறார்கள். இருக்கிறதுதான். 2010இல் '16/330 கஜூர் ரோடு' என்ற தொகுப்பின் பாட்டுகளை அந்தக் குழுவே ஒவ்வொன்றாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், பகிர்ந்துகொள் என்று. நல்ல காரியம். ஆனால் போனில் ஆளுக்கொரு காதுக்குழாய். பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம். கேசட்டில் தள்ள முடியாது. ஒருத்திக்குப் பிடித்ததை நாலு பேரும் கேட்டாக வேண்டும். எனக்குப் பிடிக்காமல் இருந்த 'ஹில்லே ரே' அப்படித்தான் பிடித்தது. அது கோரக் பாண்டே என்ற போராட்டக் கவிஞரின் வரிகள் என்று பிறகுதான் தெரியும்.

எங்களுக்குள் சண்டையும் உண்டு. 2013இல் சுஸ்மித் சென் குழுவை விட்டுப் போன பிறகு பழைய கிட்டார் இல்லை என்பது என் கட்சி. 2014இல் வந்த 'தண்டனு'வில் நம் கஞ்சிரா செல்வகணேஷே வாசித்திருக்கிறார், வாயை மூடு என்பது காரைக்கால்காரியின் கட்சி. ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை இல்லை. அந்தக் கிணற்றுக் குரல்காரர் அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25ஆம் தேதி மாரடைப்பில் இறந்துவிட்டார். அப்போது நாங்கள் தவழ்ந்துகொண்டிருந்திருப்போம். கேசட் வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. யானம்காரி அழுதாள். பதினைந்து வருஷம் பழைய சாவுக்கு அழுகிறாளே என்று விடுதியில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து லைட் மியூசிக் வைக்கிறீர்கள். வையுங்கள், நானும் முன் வரிசையில் விசிலடிப்பேன். கூடவே மாதம் ஒரு சனிக்கிழமை டிராயிங் ஹாலைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். ஒரே ஒரு ஸ்பீக்கர் போதும். ஆளுக்கொரு பாட்டு கொண்டு வரட்டும்; மற்றவர்களுக்குப் புரியாத பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது. தெலுங்கு, பிரெஞ்சு, கானா, தேவாரம், எதுவானாலும். கேட்டு முடித்ததும் அரை மணி நேரம் புத்தகத்தைத் திறந்து, அந்த வாரம் எது புரியவில்லை என்று சொல்லலாம். செலவு இல்லை. சாவி மட்டும்தான் வேண்டும்.

கேசட் இப்போது கொஞ்சம் நோஞ்சானாகிவிட்டது. போன மாதம் 'கஜுராஹோ' ஓடிக்கொண்டிருந்தபோது பிஞ்ச் ரோலர் டேப்பை மென்று தின்றுவிட்டது. கசங்கிய பகுதியை பிளேடால் சாய்வாக வெட்டி, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி, பென்சிலால் சுற்றி உள்ளே விட்டேன். வெட்டியெறிந்தது பதினெட்டு செ.மீ. கணக்குப் போட்டால் நாலு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. டேப்புக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா, மறுபக்கத்தில் இன்னொரு பாட்டிலும் அதே நாலு விநாடி போய்விட்டது. அந்த இடம் வரும்போது சின்னதாக ஒரு 'டக்' கேட்கும். போனில் போட்டால் என்ன போனது என்று தெரிந்துவிடும். யானம்காரி வேண்டாம் என்றுவிட்டாள். அந்த இடத்தில் நாங்களே நாலு பேரும் ஏதோ ஒன்றை முணுமுணுத்துக்கொள்கிறோம்.